என் வலது காதும் லினக்ஸ் கம்பியூட்டரும்

கொட்டாஞ்சேனை,
கொழும்பு 13.
கார்த்திகை 11, செவ்வாய்க்கிழமை.

என் அருமைத் தங்கச்சி யூஜினாவுக்கு,

அக்கா மரியகொறற்றி எழுதுகிறேன். ஆண்டவருடைய இரக்கத்தால் இங்கே நானும் என் பிரஷரும் சண்டை இல்லாமல் இருக்கிறோம். முழங்கால் இரண்டும் தங்கள் பாட்டில் இருக்கின்றன. நோர்வே மழையில் நீயும் மிதுனாவும் தடிமன் பிடிக்காமல் இருக்கவேண்டும் என்று தினமும் மாதாவுக்கு ஒரு அருள்நிறைந்த மரியே கூடச் சொல்கிறேன். இந்தக் காலத்தில் கடிதமா, யார் போய்விட்டார்கள் என்று கவரைக் கண்டதும் நீ நெஞ்சில் கை வைத்திருப்பாய். ஒருவரும் போகவில்லை. ஆறுதலாகக் கதிரையில் இருந்து வாசி. வாயால் சொல்லலாம்தான். ஆனால் நீ என் அழைப்பை எடுக்கிறாய் இல்லை. எடுத்தாலும் முதல் வசனத்திலேயே குறுக்கே விழுவாய். ஈமெயில் போட்டால் மிதுனா பாதி சொல்லிப் பாதி விழுங்குவாள். கடிதத்துக்குக் குறுக்கே விழ முடியாது. ஐந்து நாளில் கையில் கிடைக்கும் என்று கூரியர்க்காரர் சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லியிருக்கிறார்.

மூன்று கிழமைக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து வழக்கம்போலக் கம்பியூட்டரில் உன்னோடு கதைத்தேன் அல்லவா? எனக்கு விளங்கியபடி நடந்தது இதுதான். நீ மாசியைப் பற்றிக் கேட்டாய். குளிரைப் பற்றியும் ஏதோ சொன்னாய். போன வருசம் மாலைதீவுக்குச் சுற்றுலா போய்க் கொழும்பு வழியாகத் திரும்பிய உன் சிநேகிதியிடம் சொல்லி எனக்கென்று இரண்டு கிலோ மாசிக் கருவாடு வாங்கி அனுப்பினாயே, அதே மாதிரி இன்னொரு பொதி தரட்டுமா, குளிர்ப்பெட்டியில் வைக்கலாம்தானே என்று கேட்கிறாய் என எண்ணிக்கொண்டேன். உனக்கு வீண் செலவு வைக்கக்கூடாது என்ற நல்ல மனதோடுதான் சொன்னேன்: “ஐயோ, வேண்டாம் பிள்ளை! போன முறை வந்ததே காணும். ரெண்டு கிழமையா வீடு முழுக்க நாத்தம். பக்கத்து வீட்டுச் சனமும் மூக்கைப் பொத்திக்கொண்டு திரிஞ்சதுகள். கடைசியில நான்தான் துலைஞ்சு போ எண்டு தூக்கி எறிஞ்சனான்.” அதோடு திரை கறுத்துவிட்டது. உங்கள் ஊரில் மின்சாரம் போயிருக்கும் என்று நினைத்து, நோர்வேயிலும் கரண்ட் போகிறதே என்று ஒரு சின்ன சந்தோசத்தோடு நான் குசினிக்குள் போய்விட்டேன்.

அடுத்த ஞாயிறு எடுத்தேன், நீ எடுக்கவில்லை. அதற்கடுத்த நாளும் எடுத்தேன். பிறகு மிதுனாவிடமிருந்து ஒரு ஈமெயில் வந்தது. “பெரியம்மா, அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை. நீங்கள் சொன்னதை நினைத்து அழுகிறா. அவ பேசியதைப் பதிந்து அனுப்புகிறேன், கேளுங்கள்” என்று எழுதி, கீழே உன் குரலை வைத்திருந்தாள். நாலு நிமிடம். நான் அதைப் போட்டுக் கேட்டால், எங்கள் கம்பியூட்டரின் ஸ்பீக்கர் உனக்குத் தெரியுந்தானே, தகரப் பேணிக்குள் வண்டு விழுந்த மாதிரி ஒரு இரைச்சல். அதற்குள் நீ அழுவது மட்டும் விளங்கியது. ஏன் என்று விளங்கவில்லை. காதைத் திரையோடு ஒட்டிவைத்துக் கேட்டேன், கன்னம் சுட்டதுதான் மிச்சம். பக்கத்து வீட்டில் யாரையாவது கூப்பிட்டுக் கேட்டுச் சொல்லச் சொல்லலாம். ஆனால் என் தங்கச்சி அழுவதை அடுத்த வீட்டுக்காரர் கேட்க நான் விடுவேனா? குடும்ப விசயம் குடும்பத்துக்குள்ளேயே இருக்கவேண்டும் என்று தீர்மானம் எடுத்தேன். அந்தத் தீர்மானத்துக்கு என்ன நடந்தது என்று பின்னால் பார்ப்பாய்.

அப்போதுதான் போன நத்தாருக்குக் கிறிஸ்மஸ் பரிசாக நீ அனுப்பிய, கம்பி இல்லாத அந்தப் பெரிய ஹெட்செட் ஞாபகம் வந்தது. இரண்டு காதையும் பொத்தி, காதுக்குள்ளேயே வந்து கதைக்கும் என்று சொன்னாயே. ஜெனிஸ்டனுக்குப் போன் எடுத்தேன். அவன் மோட்சம் போன என் மனுசனுடைய தம்பியின் மகன், பம்பலப்பிட்டியில் ஒரு கம்பனியில் கணக்காளர், இரண்டு பிள்ளைகளின் தகப்பன், என்னை ஒரு நாளும் கைவிடாதவன். போன மாதம் அவன்தான் வந்து, “பெரியம்மா, இந்தக் கம்பியூட்டர் பழசு, புது விண்டோஸ் இதில ஏறாது” என்று சொல்லி லினக்ஸ் என்ற ஒன்றைப் போட்டுவிட்டுப் போனான். “ஹெட்செட் வேலை செய்ய புளூடூத் அடப்டர் ஒண்டு வேணும் பெரியம்மா. சின்னச் சாமான். வாங்கிக் குத்தினாச் சரி” என்றான். குத்தினால் சரி! இந்த உலகத்தில் எத்தனை பேர் இந்த இரண்டு சொல்லால் கெட்டுப்போயிருப்பார்களோ.

ஓட்டோ பிடித்து, கம்பியூட்டர்ச் சாமான் விற்கும் ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் என் சுண்டுவிரல் நகத்தளவில் ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்தார். இதற்குள்ளால் நோர்வே வரும் என்று நம்ப மனம் வரவில்லை. எனக்குத் தெரிந்த சிங்களத்தில், “மேக்க லினக்ஸ்வலட்ட ஹரித, மல்லி?” என்று, லினக்ஸுக்கு இது சரிவருமா தம்பி என்று கேட்டேன். லினக்ஸ் என்ற சொல்லைக் கேட்டதும் அவர் முகத்தில் ஒரு நிழல் ஓடியதைக் கண்டேன். நான் கவனித்திருக்கவேண்டும். “ஓன எக்ககட்ட ஹரி, அன்ட்டி. கஹன்ன விதரய் தியென்னே” என்றார். எதற்கும் சரியாம், குத்துவது மட்டும்தான் பாக்கியாம். சந்தோசமாக வீட்டுக்கு வந்து, செபம் சொல்லிவிட்டுக் குத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. எடுத்துத் திருப்பிக் குத்தினேன். பின்பக்கம் குத்தினேன். வேறு ஓட்டையில் குத்தினேன். கம்பியூட்டர் திரும்பியும் பார்க்கவில்லை. “புளூடூத் சாதனம் எதுவும் இல்லை” என்றே சொல்லிக்கொண்டிருந்தது. கண்ணுக்கு முன்னால் இருக்கிறதை இல்லை என்று சொல்வதற்கு எவ்வளவு நெஞ்சழுத்தம் வேண்டும், பார்.

மறுபடி ஜெனிஸ்டன். அவன் ஒஃபிசில் இருந்துகொண்டே போனில் சொல்லித்தந்தான். கறுப்பாக ஒரு சன்னலைத் திறக்கச் சொன்னான், திறந்தேன். நான் போனை இடது காதில் வைத்துத் தோளால் அமத்திப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் தேத்தண்ணியையும் வைத்துக்கொண்டு இருந்தேன். “சூடோ” என்றான். என்ன அன்பான பெறாமகன் என்று உருகிப்போய், “இல்லையப்பு, ஆறிப்போச்சு” என்றேன். “இல்லப் பெரியம்மா, சூடோ, சூடோ!” என்றான். “ஆறிப்போச்சு எண்டுறன், நீ உன்ர வேலையைப் பார்” என்றேன். ஐந்து நிமிடம் இப்படியே போனது. கடைசியில் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னான். அது தேத்தண்ணி இல்லையாம். கம்பியூட்டருக்கு அதிகாரத்தோடு கட்டளை போடுகிற சொல்லாம். சரி என்று அடித்தேன். பாஸ்வேர்ட் கேட்டது. அதையும் அடித்தேன். திரையில் ஒரு எழுத்தும் விழவில்லை! தங்கச்சி, நான் கோட்டையில் கப்பல் கம்பனியில் முப்பத்தாறு வருசம் ஸ்டெனோவாக இருந்தவள். நிமிடத்துக்கு எழுபது சொல். என் விரல் அமத்தி எழுத்து விழாமல் போன சரித்திரம் இல்லை. அது அப்படித்தான், களவாகப் பார்ப்பவர்களுக்காக மறைப்பது என்று ஜெனிஸ்டன் சொன்னான். வீட்டில் நான் ஒருத்தி, எனக்கே மறைப்பானேன்?

மனதைத் தேற்றிக்கொண்டு கண்ணை மூடி அடித்தேன். அப்போது திரையில் ஆங்கிலத்தில் வந்த வசனத்தைச் சாகும்வரை மறக்கமாட்டேன். “இவருக்கு இந்த அதிகாரம் இல்லை. இந்தச் சம்பவம் அறிவிக்கப்படும்.” யாருக்கு அறிவிக்கப்படும் என்று இல்லை. “ஜெனிஸ்டன், என்னை யாருக்கோ அறிவிக்கப்போகுதாம்” என்று கத்தினேன். அவன், “பெரியம்மா, மீற்றிங்குக்குக் கூப்பிடுறாங்க, பிறகு எடுக்கிறன்” என்று வைத்துவிட்டான். நான் என்ன செய்வது? வாழ்க்கையில் வரி கட்டத் தவறாதவள், பஸ்ஸில் ரிக்கற் எடுக்காமல் போகாதவள். எழும்பிப் போய்க் கதவைப் பூட்டினேன். அடையாள அட்டையை எடுத்து மேசையில் வைத்தேன். யாராவது வந்தால் மரியாதையாக இருக்கட்டும் என்று சாரியும் மாற்றினேன். சாரியைச் செருகி முடிக்கவில்லை, கதவில் தட்டுகிறார்கள்!

“யாரது?” என்றேன். “நான்தான் ஆன்ட்டி, பஸீஹா. வட்டிலப்பம் கொண்டாந்தேன்.” பஸீஹாவை உனக்குத் தெரியாது. நீ போன முறை வந்து போனபிறகுதான் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்தார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கம்பியூட்டர் படிப்பிக்கிறவள். புருசன் புவாத்துக்குப் புறக்கோட்டையில் துணிக்கடை. அன்று சனிக்கிழமை, புவாத்தின் தமக்கை அஸீஸா ராத்தாவின் குடும்பம் பகல் சாப்பாட்டுக்கு வருவதால் வட்டிலப்பம் செய்திருக்கிறாள். என் முகத்தைப் பார்த்துப் பயந்துபோய், “எனத்த ஆன்ட்டி, எங்கயாவது போறீங்களா?” என்று கேட்டாள். “கொண்டு போவினம்போல கிடக்கு” என்று திரையைக் காட்டினேன். அவள் வாசித்தாள். பிறகு வட்டிலப்பத்தை மேசையில் வைத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “ஆன்ட்டி, யாரும் வரமாட்டாங்க. கம்பியூட்டரு தனக்குள்ளயே எழுதி வெச்சிக்கிற. அத யாரும் வாசிக்கிறயும் இல்ல” என்றாள். அறிவிப்பதாக மிரட்டிவிட்டு யாரும் வாசிக்காத இடத்தில் எழுதிவைப்பது எங்கள் கப்பல் கம்பனியில்தான் என்று நினைத்திருந்தேன்.

பஸீஹா கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள். ஜெனிஸ்டன் தன் பெயரில் வைத்திருந்த பெரிய பாஸ்வேர்டை அவனிடம் கேட்டு வாங்கினோம். அதை இங்கே எழுதமாட்டேன். ஆனால் அதற்குள் என் பெயரும் பாவம் என்ற சொல்லும் இருக்கின்றன என்பதை அவனிடம் ஒரு நாள் விசாரிப்பேன். அவள் ஏதோ அடித்துப் பார்த்துவிட்டு, “கம்பியூட்டரு அடப்டரக் கண்டிட்டு ஆன்ட்டி. நல்லாக் கண்டிட்டு. ஆனா அதோட எப்பிடிப் பேசுறண்டு அதுக்குத் தெரியல்ல. ஒரு சின்ன ஃபைல் கொறையுது” என்றாள். கண்டும் பேசத் தெரியாமல் நிற்கிறது என்றதும் எனக்குக் கோபம் பாதி இறங்கிவிட்டது. பாவம் என்று தோன்றியது. அந்த ஃபைலை இன்ரநெற்றில் தேடி எடுத்து, அதற்குரிய அறைக்குள் போட்டு, அடப்டரைப் பிடுங்கித் திரும்பக் குத்தினாள். நீல வெளிச்சம் ஒன்று மினுங்கியது! நான் கைதட்டினேன். ஆனாலும் புளூடூத் திறக்கவில்லை. “ஆள் வந்திட்டாரு ஆன்ட்டி, கதவு உள்ளால பூட்டி ஈக்கி” என்று இன்னொரு கட்டளை போட்டாள். திறந்தது.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டில் விருந்தாளிகள் வந்து இறங்கிவிட்டார்கள். “ஆன்ட்டி, இப்ப ஒரு லிஸ்ட்டு வரும். அதுல ஒங்கட ஹெட்செட்டட பேர அமத்துங்க, அவ்வளவுதான்” என்று சொல்லிவிட்டு ஓடினாள். லிஸ்ட் வந்தது. ஆறோ ஏழோ பெயர். எல்லாம் இங்கிலிஸ் எழுத்தும் நம்பரும் கலந்து லொறி நம்பர் மாதிரி. என் ஹெட்செட்டின் பெயர் என்ன என்று எனக்கு யார் சொன்னார்கள்? எல்லாவற்றுக்கும் மேலே இருந்த பெயர், பார்க்க மரியாதையான பெயராகவும் இருந்தது. அமத்தினேன். “இணைக்கப்பட்டது” என்று வந்தது. ஹெட்செட்டைத் தலையில் மாட்டினேன். சிலுவை போட்டேன். உன் பேச்சைப் போட்டேன்.

ஒரு சத்தமும் இல்லை. முழுக்கப் போகட்டும் என்று நாலு நிமிடமும் அசையாமல் இருந்தேன். பிறகு சத்தத்தை முற்றாகக் கூட்டி மறுபடி போட்டேன். இல்லை. என் காதுதான் அடியோடு போய்விட்டது என்று பயந்துபோனேன். கடைசித் தடவை என்று மூன்றாம் முறை போட்டேன். பாதியில் யாரோ தோளைப் பிடித்து உலுப்புகிறார்கள். திரும்பினால் பஸீஹா, மூச்சு வாங்க நிற்கிறாள். ஹெட்செட்டைக் கழற்றினேன்.

“ஆன்ட்டி! நிப்பாட்டுங்க! ஒங்கட தங்கச்சி எங்கட ஊட்டுல அழுறா!”

நீ நோர்வேயில் அல்லவா இருக்கிறாய் என்று ஒரு கணம் தலை சுற்றியது. பிறகுதான் சொன்னாள். மேலே இருந்த அந்த மரியாதையான பெயர் புவாத்தின் ஸ்பீக்கர். போன பெருநாளுக்கு வாங்கியது, இடுப்பளவு உயரமாம். ஒன்பது பேர் புரியாணிச் சகன் என்ற பெரிய தட்டைச் சுற்றி இருந்து முதல் பிடி எடுக்கும்போது நீ தொடங்கியிருக்கிறாய். முதல் தடவை எல்லோரும் திகைத்துப் போனார்களாம். இரண்டாம் தடவை அஸீஸா ராத்தா கையைக் கழுவிவிட்டு அழத் தொடங்கினாவாம். மூன்றாம் தடவை புவாத், “இது அடுத்த ஊட்டு ஆன்ட்டிட தங்கச்சிதான், ஓடிப் போ” என்று அனுப்பியிருக்கிறார். நான் தலையில் கைவைத்துக்கொண்டு, “பஸீஹா, கேட்டதுதான் கேட்டிட்டியள். அவள் என்ன சொல்லுறாள், அதையாவது சொல்லு” என்றேன்.

“ஆன்ட்டி, மாசி மாசத்துல குளிர் தாங்க ஏலாதாம், கொழும்புக்கு வரட்டாண்டு ஒங்கள்ட்ட கேட்டாங்களாம். நீங்க வர வாணாம், போன மொற வந்து ரெண்டு கெழம ஊடெல்லாம் நாத்தம், அடுத்த ஊட்டு ஆக்களும் மூக்கப் பொத்தினாங்க, தூக்கி எறிஞ்சேண்டு சொன்னீங்களாம்.” சொல்லிவிட்டு அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். “ஆன்ட்டி, அப்பிடியா சொன்னீங்க?”

யூஜினா, நான் கதிரையில் இருந்துவிட்டேன். “அது கருவாடு, பிள்ளை” என்றேன். “மாலைதீவுக் கருவாடு.” அவளுக்கு விளங்க ஒரு நிமிடம் எடுத்தது. விளங்கியதும் ஓடிப்போய் அந்த வீட்டில் சொல்லியிருக்கிறாள். சுவருக்கு அப்பால் எழும்பிய சிரிப்பு என் வலது காதுக்கே கேட்டது. அஸீஸா ராத்தா தானே எழும்பி வந்து என் கையைப் பிடித்து, “அந்தப் புள்ளக்கி இன்டைக்கே சொல்லுங்க. கருவாட்டுக்குப் போய் ஒரு பொம்புள அழுறதா?” என்றா. அவவுடைய கண் இன்னும் சிவந்திருந்தது. முன்பின் தெரியாத ஒருத்தி உனக்காகச் சோற்றை விட்டு எழும்பியிருக்கிறா, நினைத்துக்கொள்.

எல்லோரும் போனபிறகு பஸீஹா என் ஹெட்செட்டைத் தேடிப் பிடித்து இணைத்துவிட்டாள். கதவைச் சாத்திவிட்டுத் தனியே கேட்டேன். தங்கச்சி, உன் குரல் இவ்வளவு கிட்டத்தில் கேட்டு எத்தனை காலம்! நீ மூச்சு எடுப்பது கேட்டது. மூக்கு உறிஞ்சுவது கேட்டது. என்னைத் திட்டியதும் நன்றாகக் கேட்டது, அதற்குப் பதில் நேரில் தருவேன். நீ பேசி முடித்தபிறகு மிதுனா பதிவை நிறுத்த மறந்துவிட்டாள், தெரியுமா? மிதுனாவிடம், “அந்தப் பெட்டியைத் திருப்பி மேல வை” என்று சொல்கிறாய். அதன்பிறகு பயணப் பெட்டியின் சில்லு நிலத்தில் உருண்டு போகிற சத்தம். ஆக, என்னிடம் கேட்க முதலே பெட்டியை இறக்கி வைத்திருந்திருக்கிறாய். அந்தச் சத்தத்தைத்தான் நான் அன்று ஆகக் கூடுதலாகத் திருப்பித் திருப்பிக் கேட்டேன்.

இப்போது உண்மையைச் சொல்கிறேன். இந்தக் கடிதம் எழுதத் தொடங்கியதே இதற்காகத்தான், சுற்றிச் சுற்றி இப்போதுதான் வந்து சேர்ந்தேன். எனக்கு வலது காது இரண்டு வருசமாகக் கேட்பதில்லை. இடதும் அரைவாசிதான். பொரளையில் ஒரு டொக்டர் மெசின் வைக்கச் சொன்னார். வைத்தால் கிழவி மாதிரித் தெரியும் என்று வீம்புக்கு விட்டுவிட்டேன். எனக்கு அறுபத்தொன்பது வயது, வேறு எப்படித் தெரியப்போகிறேன் என்று யோசிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நீ கதைக்கும்போது உன் வாயைப் பார்ப்பேன், சிரித்தால் சிரிப்பேன், நிறுத்தினால் ஓம் என்பேன். எதற்கெல்லாம் ஓம் சொல்லியிருக்கிறேனோ எனக்கே தெரியாது. போன ஆவணியில் உன் கூட்டாளி ஒருத்தி வந்து, “நீங்கள் தருவதாகச் சொன்ன தையல் மெசின்” என்று நின்றாள், கொடுத்தனுப்பினேன். மிச்சத்துக்கெல்லாம் தயவுசெய்து ஒரு பட்டியல் எழுதி அனுப்பு. செய்யக்கூடியதைச் செய்துவிடுகிறேன்.

டொக்டரிடம் அடுத்த கிழமை புதனுக்கு நம்பர் எடுத்தாயிற்று. பஸீஹா கூட வருகிறாள். மெசின் வைத்துக்கொண்டுதான் உன்னைக் கூட்டிவர விமான நிலையத்துக்கு வருவேன். முன் அறையில் உனக்குக் கட்டில் போட்டாயிற்று, மெத்தையை வெயிலில் காயவைத்தாயிற்று. அன்று அடுத்த வீட்டில் இருந்த ஒன்பது பேரும் உன்னைப் பார்க்கக் காத்திருக்கிறார்கள், குரல் ஏற்கனவே பாடம். மாசியில் வா. தை கடைசியிலேயே வந்தாலும் சரி. பெட்டியை உடனே கீழே இறக்கு.

மிதுனாவுக்கு என் முத்தங்கள். அந்தோனியார் உன் பயணத்துக்குத் துணை நிற்பார். குளிருக்குக் காலுறை இரண்டு சோடி போடு.

உன்னை வேண்டாம் என்று இந்தப் பிறவியில் சொல்லாத,
அக்கா மரியகொறற்றி

பி.கு.: கவருக்கு அளவான கடுதாசி மட்டை தேடி, ஹெட்செட் வந்த பெட்டியைக் கொஞ்சம் முன் வெட்டினேன். அடியில் இருந்த தட்டைத் தூக்கினால் ஒரு கம்பி சுருண்டு கிடக்கிறது. ஒரு முனை ஹெட்செட்டில் பொருந்துகிறது. மற்ற முனை கம்பியூட்டரின் முன்பக்கத்தில், இவ்வளவு காலமும் நான் தூசி துடைக்கிற ஒரு ஓட்டையில் பொருந்துகிறது. அடப்டரைப் பிடுங்கி வைத்துவிட்டுக் குத்திப் பார்த்தேன். குத்தினால் சரி. சூடோவும் இல்லை, ஃபைலும் இல்லை, அறிவிப்பும் இல்லை. உன் குரல் முன்னையதைவிடத் துலக்கமாகக் கேட்கிறது. கம்பியைச் சுருட்டி அலுமாரியில் சாரிகளுக்கு அடியில் வைத்திருக்கிறேன். பஸீஹாவுக்கு இதை நான் சொல்லப் போவதில்லை. நீயும் வந்த இடத்தில் வாயைத் திறக்காதே.